ஜெபக் குறிப்பில் வார்டு எண்

அந்தப் பெரிய சபையில் நான் முதலில் சந்தேகப்பட்டது பாஸ்டரை அல்ல, ஒரு ரோஸ் நிற அட்டையை.

என் தங்கை அதை ஞாயிறுதோறும் பைபிளுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். சாப்பாட்டு மேசையில் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் போல நிரப்புவாள். மேலே 'ஜெபக் குறிப்பு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே பெயர், செல் எண், முகவரி. அதுவரை சரி. அதற்கும் கீழே வார்டு எண். அதற்கும் கீழே, வீட்டில் பதினெட்டு வயது நிறைந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம். இதெல்லாம் முடிந்த பிறகுதான், எந்தக் காரியத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்று எழுத நாலு வரி இடம் விட்டிருப்பார்கள்.

ஆண்டவருக்கு எதுக்குட்டி வார்டு நம்பர் என்று கேட்டேன். பேரும் ஊரும் இடமும் சொல்லித்தான் ஜெபிக்க வேண்டும், ஒரே பேரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றாள். சரி, பதினெட்டு வயது எதற்கு? சின்னப் பிள்ளைகளுக்குத் தனி ஜெபக் குழு இருக்கிறதாம். அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்கு மூக்கு வியர்க்கும். வீட்டில் எனக்குச் சி.ஐ.டி. என்று பட்டப்பெயர் உண்டு. அதை நான் மறுத்ததில்லை.

நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். டிரங்க் கால் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பூதப்பாண்டி நெல் வியாபாரியை மதுரைக்கும், கோட்டாறு மளிகைக் கடைக்காரரைக் கொச்சிக்கும் இணைத்துவிட்ட கை இது. லைன் கிடைத்ததா என்று பார்க்க நடுவில் கேட்டாக வேண்டும். கேட்டதை அப்படியே விழுங்கியாக வேண்டும். யார் வீட்டில் சாவு, யார் வீட்டுப் பெண் யாருக்கு ரகசியமாகப் போன் போடுகிறாள், எந்தக் கடைக்காரர் திவாலாகப் போகிறார் என்று ஊரில் பாதிச் சங்கதி என் காது வழியாகத்தான் போனது. ஒன்றைக்கூட நான் வெளியே விட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீடு கட்டவில்லை, வேறு எதைச் சொல்லி நான் பெருமைப்பட? வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகை வீடு, நடக்கிற தூரத்தில் தங்கை வீடு, அவள் மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. தங்கை மகளை நான்தான் தூக்கி வளர்த்தேன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குத் தங்கை வீட்டில் ஒரு கட்டன் சாயா. என் குடும்பம் என்று சொன்னால் அவ்வளவுதான்.

தங்கை அந்தச் சபைக்குப் போன கதையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நாங்கள் மிஷன் காலத்துச் சபைக் குடும்பம். அவள் புருஷன் மாரடைப்பில் போனபோது, கல்லறைத் தோட்டத்தைத் திறப்பதற்கு முன்னால் சந்தா பாக்கி இருக்கிறதா என்று கமிட்டிக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். பிணம் நடு வீட்டில் கிடக்கிறது. நான் அவரைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அன்றைக்கு, யாரும் கூப்பிடாமல் அந்தப் பாஸ்டர் வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல் தரையில் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் பேசியது கொஞ்சம்தான், அவளைப் பேசவிட்டார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மனிதருக்கு இங்கே என்ன வேலை என்று அப்போதும் யோசித்தேன். புருஷனின் ஓய்வூதியப் பணம் கைக்கு வர இருந்த நேரம் அது.

அந்தப் பாஸ்டரை அவர் டயர்க்கடை மாடியில் பத்து நாற்காலி போட்டு ஜெபக்கூட்டம் நடத்திய நாளிலிருந்தே எனக்குத் தெரியும். பழைய மொபெட்டில் வருவார், மழை பெய்தால் பைபிளைச் சட்டைக்குள் செருகிக்கொள்வார். இப்போது நான்கு வழிச் சாலைப் பக்கம், கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு முறை நெல் விளைந்த வயலில் மண்ணடித்து ஒரு மண்டபம் எழுப்பியிருக்கிறார். உள்ளே ஏசி, சுவர் அகலத்துக்குத் திரை, ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் பணம் அனுப்ப ஒரு ஸ்கேன் செய்யும் சதுரம். வயலில் மண்ணடிக்க நம்மைப் போன்றவர்கள் அனுமதி கேட்டால் எத்தனை ஆபீஸ் படி ஏற வேண்டும், அவருக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று யாராவது கேட்டார்களா? தங்கையிடம் கேட்டேன். ஜெபத்தால் கிடைத்தது என்றாள். டிரஸ்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பாஸ்டர், பாஸ்டரம்மா, பாஸ்டரம்மாவின் தம்பி. கணக்கு யார் பார்ப்பது? கர்த்தர் பார்க்கிறார் என்றாள்.

பாஸ்டர் வீட்டு மதிலுக்கு மேலே ஒன்றும் தெரியாது. கேட் திறந்தால் இரண்டு கார் தெரியும். மகன் வெளிநாட்டில் படிக்கிறான். கைக்கடிகாரத்தைப் பார்த்தால் அது நம்ம கோட்டாறு கடையில் வாங்கியதில்லை என்று எனக்கே தெரிந்தது. அங்கே காணிக்கை என்று சொல்வதில்லை, விதை என்பார்கள். விதைத்தவனுக்குத்தான் அறுப்பு என்று திரையில் எழுத்து ஓடும். தங்கை தன் புருஷன் பணத்திலிருந்து எவ்வளவு விதைத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாஞ்சில் நாட்டில் பிறந்தவளுக்கு விதைநெல் எங்கே போய் விழுகிறது என்று பார்க்கத் தோன்ற வேண்டாமா? எனக்கு எரியும்.

எங்கள் பழைய சபை ஒன்றும் யோக்கியமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கமிட்டித் தேர்தல் வந்தால் சட்டமன்றத் தேர்தல் தோற்றுப்போகும். அணி, போஸ்டர், வழக்கு, கேட்டில் போலீஸ். ஆனால் அங்கே அடிதடி எல்லோருக்கும் தெரிய நடக்கும். புதுச் சபையில் எல்லாம் சிரித்துக்கொண்டே நடந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தேர்தல் நெருங்கினால் அங்கே முன்வரிசை வெள்ளை வேட்டியால் நிறையும். பாஸ்டர் யாருக்கும் ஓட்டுப் போடச் சொல்ல மாட்டார், அதில் கெட்டிக்காரர். எல்லாக் கட்சிக்காரரையும் மேடைக்கு அழைத்து, வரிசையாகத் தலையில் கை வைத்து ஜெபிப்பார். ஆனால் ஒருவர் தலையில் வைத்த கை மட்டும் சீக்கிரம் எழும்பாது. ஜெபம் நீளும். அதைச் சபை பார்த்துக்கொள்ளும். கூட்டம் முடிந்து சபை வேனில் ஏறும்போது பெண்கள் ஒருவருக்கொருவர், இந்த மட்டம் கை யாருக்க தலையில நின்னுது என்று கேட்டுக்கொள்வார்கள். வராதவர்களுக்குப் போனில் அந்தச் செய்தி போகும்.

ஒருமுறை தங்கை வற்புறுத்திக் கூப்பிட்டதால் அங்கே போனேன். மண்டபத்தின் பின்னால் ஜெப அறை என்று ஒன்று இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள், காதில் ஹெட்போன், முன்னால் கம்ப்யூட்டர். ஒரு கையில் ரோஸ் அட்டை, மறு கை தட்டச்சு செய்கிறது. எனக்கு ஒரு நிமிஷம் எங்கள் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஜெபிக்கிறார்களாட்டி, டைப் அடிக்கிறார்களா என்று தங்கையிடம் கேட்டேன். முதலில் பதிவு, பிறகு ஜெபம் என்றாள். பதிவு செய்தது எங்கே போகும் என்று கேட்டதற்கு, பரலோகத்துக்கு என்று என் வாயை அடைத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் தட்டச்சு செய்ததை யார் வாசிக்கிறார்கள் என்பதுதான் எங்கள் வேலையில் இருந்தவர்கள் முதலில் கேட்கிற கேள்வி.

இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

தங்கையின் மருமகன் நல்ல பையன், குடிக்காத நேரத்தில். போன வருஷம் கத்தாரில் வேலை போனது. ஊருக்கு வந்தவன் குடியில் விழுந்தான். கடைசியில் அவனுடைய அப்பா அம்மாவே திருவனந்தபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடி நிறுத்தும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஊருக்குச் சொன்னது, அவன் மறுபடியும் கத்தாருக்குப் போய்விட்டான் என்று. காரணம் இருந்தது. அவனுடைய தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. குடிகார அண்ணன் என்று தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்? அதனால் விஷயம் அந்த வீட்டோடு நின்றது. இந்தப் பக்கம் தங்கைக்கும் அவள் மகளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். தங்கை என்னிடம் சொன்னபோது, இது வெளியே போனால் என் பிள்ளையின் வாழ்க்கை போச்சு என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே விடாதே என்று என்னிடம் போய்ச் சொல்ல வேண்டுமா என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது.

அவள் அதை ஜெபக் குறிப்பிலும் எழுதினாள். நாலு வாரம் தொடர்ந்து எழுதினாள். அதை எனக்குச் சொல்லவில்லை.

தேர்தல் அறிவித்த பிறகு முதல் சுற்று ஓட்டுக் கேட்டு வந்தார்கள். நான் சாயாவுக்காகப் போயிருந்த நேரம். மைக் கட்டிய ஆட்டோ தெருமுனையில் நின்றது. பதினைந்து இருபது பேர் கும்பிட்ட கையோடு வந்தார்கள். எல்லாம் வழக்கம்போலத்தான். நோட்டீஸ் கொடுத்துவிட்டு மற்ற எல்லோரும் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் நின்றார். நெற்றியில் சந்தனம், கையில் மடித்த காகிதம். காகிதத்தைப் பார்த்தார், வீட்டு நம்பரைப் பார்த்தார். தங்கையிடம் ரொம்பக் கனிவாகத்தான் சொன்னார்.

"மருமவன் அந்த ஆஸ்பத்திரியில இருந்து சீக்கிரம் குணமாயி வந்துருவாரும்மா. குடிய விட்டவங்க எத்தனையோ பேரு இருக்காவ. நாங்களும் ஜெபிக்கோம்."

எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டருகே நோட்டீஸை வாசித்துக்கொண்டிருந்தார். தங்கை நோட்டீஸைப் பிடித்த கையோடு அப்படியே நின்றாள். அந்த ஆளுக்கு நல்லது செய்துவிட்ட சந்தோஷம். கும்பிட்டுவிட்டுப் போனார். சந்தனப் பொட்டுக்காரருக்கு ஜெபம் எங்கிருந்து வந்தது என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெண் கேட்டவர்கள் ஜாதகம் சரியில்லை என்றார்கள். அவர்களும் எங்களைப் போல வேதக்காரர்கள்தான், கிறிஸ்தவர்களுக்கு ஜாதகம் எங்கே இருந்து முளைத்தது? காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. மருமகனின் அம்மா, தங்கை மகளைப் பார்த்து, உன் வீட்டுக்காரியளுக்க வாயாலதான் எங்க பிள்ளைக்க வாழ்க்கை போச்சு என்று சொல்லி, பையோடு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவன் குணமாகி வந்தாலும் உன்னைக் கூப்பிட வரமாட்டான் என்றும் சொன்னாளாம். பிள்ளை வந்து இறங்கிய அன்று நான் போனேன். எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தங்கை அடுக்களையில் என்னைப் பார்க்காமல் சொன்னாள். பிள்ளை யார்ட்ட சொன்னன்னு கேட்டா, பெரியம்மாட்ட மட்டும்தான் சொன்னேன்னு சொன்னேன் என்றாள்.

என் காதில் சரியாக விழவில்லை என்றே முதலில் நினைத்தேன். முப்பத்தைந்து வருஷம் ஊர் ரகசியத்தைக் கட்டிக் காத்தவளைப் பார்த்துச் சொந்தத் தங்கை சொல்கிற வார்த்தையா இது? அந்த அட்டையில் எழுதினாயா என்று கேட்டேன். எழுதினேன் என்றாள். பிறகென்ன, அங்கேயிருந்துதான் போயிருக்கிறது என்றேன். அவள் சோற்றைக் கிளறிக்கொண்டே, ஆண்டவருக்க சந்நிதியில வச்சது எப்படி வெளிய வரும், நீதான் பஸ்ஸில எவட்டயாவது பேசியிருப்ப என்றாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கூறுகெட்டவளே என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

அதன் பிறகும் நான் நாலு மணிக்குப் போனேன். போகாமல் இருந்தால் நான்தான் சொன்னேன் என்று ஆகிவிடுமே. தங்கை சாயாவைக் கொண்டுவந்து வைப்பாள், பேச மாட்டாள். மகள் அறைக்குள்ளேயே இருப்பாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. நான் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவேன்.

பாஸ்டரையே நேரில் கேட்டுவிடுவது என்று ஒரு நாள் மண்டபத்து ஆபீசுக்குப் போனேன். உள்ளே ஒரு சின்னப் பெண் என் பங்காளர் அட்டை என்ன நிறம் என்று கேட்டாள். மாதாமாதம் விதைப்பவர்களுக்குப் பங்காளர் என்று பெயராம். தங்க நிற அட்டை வைத்திருப்பவர்கள் பாஸ்டரைப் பார்க்கலாம், வெள்ளி அட்டைக்காரர்கள் பாஸ்டரம்மாவைப் பார்க்கலாம். என்னிடம் ரேஷன் அட்டைதான் இருக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஜெபக் குறிப்பில் எழுதியது வெளியே போகிறது, அதைத்தான் கேட்க வந்தேன் என்று சொன்னேன். அவள் கோபப்படவும் இல்லை, பயப்படவும் இல்லை. ஒரு ரோஸ் அட்டையை எடுத்து நீட்டி, உங்க குறைய இதுல எழுதிப் போடுங்கம்மா என்றாள்.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் எனக்கு யோசனை வந்தது. எழுதுகிறேன். இவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன். ஆனால் என்னைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாததை எழுத வேண்டும். ஒருவருக்கும் தெரியாதது என்றால் நடக்காததாக இருந்தால்தான் நல்லது.

எனக்கு இடது காது கேட்கவில்லை, சுகம் கிடைக்க ஜெபிக்கவும் என்று எழுதினேன். வேறு நோய் எழுதப் பயமாக இருந்தது. வராத நோயை எழுதி அது வந்துவிட்டால்? காது என்றால் சமாளித்துக்கொள்ளலாம், இந்த வயதில் கேட்டவரை போதும். பெயர், முகவரி, வார்டு எல்லாம் ஒழுங்காக எழுதினேன். பதினெட்டு வயது நிறைந்தவர்கள் என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றது. என் வீட்டில் நான் ஒருத்திதான். ஒரு ஓட்டுக்கு எவன் படி ஏறுவான்? ஏழு என்று எழுதினேன். ஆண்டவரே, நீரே பாரும் என்று சொல்லி அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் போட்டேன். என்னைச் சபையில் பார்த்ததும் தங்கைக்கு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. அதைப் பார்த்தபோது எனக்கு உறுத்தியது.

ஓட்டுப்பதிவுக்கு முந்தைய வாரம் எங்கள் தெருவுக்கு வருகிறார்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். தங்கை அப்போது என் வீட்டில் இருக்க வேண்டும். பேசாதவளை எப்படிக் கூப்பிட? காய்ச்சல் என்று போன் செய்தேன். அதுவும் பொய். பத்து நிமிஷத்தில் கஞ்சியும் பயறும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், ஒன்றும் சொல்லாமல் கஞ்சியை ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

வாசலில் சத்தம் கேட்டது. அதே வெள்ளைச் சட்டைக்காரர், அதே சந்தனம். அவரோடு வேட்பாளரும் கும்பிட்ட கையோடு நின்றார். நான் எழுந்து போனேன், தங்கை என் பின்னால் வந்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்து, காதருகே குனிந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"எம்மா, இந்தக் காதுல சொன்னா கேக்குல்லா? எடது காதுக்கு மெஷின் வாங்கித் தர அண்ணன் ஏற்பாடு செய்திருக்காரு பாத்துக்கோங்க."

நான் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் கையில் இன்னொரு காகிதமும் இருந்தது, வாக்காளர் பட்டியல். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பட்டியலில் ஒரு ஓட்டுதான் இருக்கு, இதில் ஏழு போட்டிருக்கே, மற்ற ஆறு பேரும் எங்கே என்று மறுபடியும் என் வலது காதில் கத்தினார். எல்லாரும் கத்தாரில் இருக்காவ என்றேன். அவர் அதையும் நம்பிப் பேனாவால் குறித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை அடிக்கவும் கை துறுதுறுத்தது. மெஷினுக்கு ஆளை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கதவைச் சாத்தினேன். மனதுக்குள் ஒரு குதூகலம், அதை மறைக்க மாட்டேன். தங்கையின் முன்னால் உட்கார்ந்து, என் காதுக்கு ஒன்றும் இல்லை, அட்டையில் மட்டும்தான் எழுதினேன், ஏழு என்று எழுதியதும் நான்தான், என் வீட்டில் ஏழு பேர் என்று உலகத்தில் வேறு எந்தக் காகிதத்திலும் கிடையாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இப்ப சொல்லுட்டி, நான் பஸ்ஸில் பேசினேனா என்றேன்.

அவள் தூக்குவாளியை மூடினாள். திறந்து மறுபடியும் மூடினாள். அதிர்ச்சியோ ஆச்சரியமோ அவள் முகத்தில் இல்லை. அது என்னை முதலில் குழப்பியது, பிறகு எனக்குப் பயம் வந்தது.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்றாள். "அந்தாளு வாசல்ல நின்னு ஜெபிக்கோம்னு சொன்னான்லா, அப்பவே தெரியும். நான் என்ன எழுதினேனோ அதே வார்த்தைய சொன்னான்."

பிறகு எதற்காக என்னைச் சொன்னாள்? பெற்ற பிள்ளையிடம், நான் வளர்த்த பிள்ளையிடம், எதற்காக என் பெயரைச் சொன்னாள்? இதைத்தான் கேட்டேன், கத்திக் கேட்டேனா மெதுவாகக் கேட்டேனா என்று தெரியவில்லை. அவள் அழவில்லை. புருஷன் செத்த வீட்டில் தரையில் வந்து உட்கார்ந்தது அவர்கள்தான் என்றாள். ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து வாசலில் ஹாரன் அடிக்காவிட்டால் அந்த வாரம் முழுக்கத் தன்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை என்றாள். உன்னைக் கூப்பிட நான் இல்லையாட்டி என்றேன். அதற்குத்தான் அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"உன்னையச் சொன்னா நீ சண்ட போட்டுட்டு நாளைக்கு நாலு மணிக்கு வருவ. அவியளச் சொன்னா, நான் பின்ன எங்கக்கா போவேன்?"

பிள்ளையிடமாவது உண்மையைச் சொல்லு என்றேன். சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கஞ்சி ஆறுது, குடி என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

ராத்திரி முழுக்க, இனி அந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று நூறு தடவை சொல்லிக்கொண்டேன். காலையிலும் அதே எண்ணத்தில்தான் இருந்தேன். மத்தியானம் வரை அதில் ஒரு மாற்றமும் இல்லை.

நாலு மணி ஆனதும் போனேன்.